சொல்லுக்கு முன்னே வரும் இலக்கணம்

பினாங்கின் பத்து காவானில் இன்று பிறக்கும் ஒரு தமிழ்க் குழந்தையின் காதில் ஒரே நாளில் எத்தனை மொழி விழுகிறது! விடியற்காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும் அம்மா அவசரத்திலும் கொஞ்சிவிட்டுப் போகும் தமிழ். பாட்டியின் தோட்டத்துத் தமிழ். தாஸ்கா என்ற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெண் பேசும் மலாய். மின்தூக்கியில் கன்னத்தைக் கிள்ளும் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் ஹொக்கியன். அப்பாவின் கைப்பேசியில் ஓடும் ஆங்கிலம். இதே மண்ணில் 19ஆம் நூற்றாண்டில் கரும்பு வெட்டியும், பிறகு ரப்பர் மரம் சீவியும், அதன் பிறகு செம்பனைக் குலை அறுத்தும் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் பெரும்பாலும் தமிழையே கேட்டு வளர்ந்தார்கள். தோட்டம் போய் மின்னணுத் தொழிற்சாலைகளும் மருத்துவக் கருவித் தொழிற்சாலைகளும் வந்தன. 2014 மார்ச்சில் இரண்டாவது பினாங்குப் பாலம் திறந்தது. அதோடு குழந்தையின் காதுக்கு எட்டும் உலகமும் மாறிவிட்டது.

இந்த மாற்றத்தைப் பார்த்து இளம் பெற்றோர் பலர் பயப்படுகிறார்கள். "ரெண்டு மூணு மொழி ஒண்ணா கேட்டா பிள்ளை குழம்பிடாதா? முதல்ல மலாயும் இங்கிலீஷும் வரட்டும், தமிழ் பிறகு பாத்துக்கலாம்" என்று வீட்டுப் பேச்சையே மாற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் நலன் கருதித்தான் இதைச் செய்கிறார்கள். ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பச்சிளங் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் இந்தப் பயத்துக்கு நல்ல பதில் வைத்திருக்கின்றன. அந்தப் பதில் சொற்களில் தொடங்கவில்லை. பேச்சின் தாளத்திலும் மெட்டிலும் தொடங்குகிறது.

முதலில் குழந்தைக்கு முன் நிற்கும் சிக்கல் எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். தாஸ்காவில் கேட்பது: "டியா பெர்கி கெ பாசார்." வீட்டில் கேட்பது: "அவரு பாசாருக்குப் போனாரு." பாசார் என்ற சொல் இரண்டிலும் ஒன்றேதான். ஆனால் அதைச் சுற்றியுள்ள அமைப்பு தலைகீழ். மலாயில் 'கெ' என்ற சிறு சொல் பாசாருக்கு முன்னால் வந்து நிற்கிறது. தமிழில் 'உக்கு' பின்னால் ஒட்டிக்கொள்கிறது. மலாயில் போகிற வினை முதலில், போகும் இடம் பிறகு. தமிழில் இடம் முதலில், வினை கடைசியில். இந்த இரண்டு ஒழுங்கும் ஒரே வாரத்தில் ஒரே காதில் விழுகின்றன. கேட்கும் குழந்தைக்கோ பாசார் என்றால் என்ன, போவது என்றால் என்ன, எதுவுமே தெரியாது. சொல்லே தெரியாதபோது, சொல் வரும் வரிசையை அது எப்படிக் கண்டுபிடிக்கும்?

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. 1963இல் ஜோசஃப் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க மொழியியலாளர் உலகத்தின் பல மூலைகளிலிருந்து முப்பது மொழிகளை எடுத்து ஒப்பிட்டார். வினை கடைசியில் வரும் மொழிகளில் வேற்றுமையைக் காட்டும் சிறு உறுப்புகளும் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால்தான் வருகின்றன என்று கண்டார். தமிழ், ஜப்பானிய மொழி, கொரிய மொழி, துருக்கி மொழி, இந்தி எல்லாம் இந்தப் பக்கம். மலாய், ஆங்கிலம், பிரெஞ்சு எல்லாம் அந்தப் பக்கம். அதாவது இலக்கண விதிகள் உதிரி உதிரியாக வருவதில்லை, கூட்டமாக வருகின்றன. ஆகவே 'இந்த மொழி எந்தப் பக்கம்' என்ற ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் குழந்தைக்கு வேலையில் பாதி முடிந்த மாதிரி. ஒலியில் இதற்குத் துப்பு இருக்கிறதா?

இருக்கிறது. 'பாசாருக்கு' என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். பாசார் கனமாக விழுகிறது, 'உக்கு' இலேசாக ஒட்டிப் போகிறது. 'கெ பாசார்' என்று சொல்லிப் பாருங்கள். 'கெ' தொட்டும் தொடாமலும் நழுவுகிறது, பாசார் நன்றாக ஊன்றி நிற்கிறது. ஒன்றில் முன்கனம், மற்றதில் பின்கனம். பொருள் ஒன்றும் தெரியாத காதுக்கும் இந்த வேறுபாடு கேட்கும். மொழியின் மெட்டைப் பிடித்துக்கொண்டு அதன் இலக்கணத்துக்குள் குழந்தை நுழைகிறது என்ற கருத்தை 1982இல் லைலா கிளைட்மன், எரிக் வானர் இருவரும் முன்வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் அந்தக் கருத்துக்கு நல்ல ஆதாரம் சேர்த்துக்கொண்டே வந்திருக்கின்றன.

இந்தப் பாடம் தொட்டிலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கருவுக்கு ஆறேழு மாதம் ஆகும்போது காது வேலை செய்யத் தொடங்குகிறது. ஆனால் வயிற்றின் சதையையும் நீரையும் தாண்டி எல்லா ஒலியும் உள்ளே போவதில்லை. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் உயர் அதிர்வெண் ஒலிகள் வழியிலேயே தேய்ந்துவிடுகின்றன. தாழ்ந்த ஒலிகள், அதாவது குரலின் ஏற்ற இறக்கமும் தாளமும், போய்ச் சேருகின்றன. அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுப் பேச்சு சுவர் வழியாக வருவது போலத்தான் இது. என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது, கோபமா சிரிப்பா, தமிழா ஹொக்கியனா என்று தெரிந்துவிடும். மனிதக் குழந்தை தன் மொழியோடு முதல் மூன்று மாதப் பழக்கத்தை இப்படித்தான் பெறுகிறது. சொல் வடிகட்டப்பட்டு மெட்டு மட்டும் வரும் இந்த ஏற்பாடு, எதில் முதலில் கவனம் வைக்க வேண்டுமோ அதைத்தான் கொடுக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

உள்ளே கேட்டது வெளியே வந்த பிறகும் நினைவிருக்கிறதா? அமெரிக்காவில் ஆந்தனி டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்ஸும் 1986இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கர்ப்பிணிகள் பிரசவத்துக்கு முந்திய ஆறு வாரமும் ஒரே கதையைத் தினமும் உரக்கப் படித்தார்கள். பிறந்த குழந்தையின் வாயில் உணர்கருவி இணைத்த சூப்பானை வைத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் அந்தக் கதை கேட்கும், வேறு விதமாகச் சப்பினால் கேட்டறியாத கதை. குழந்தைகள் தமக்குப் பழக்கமான கதை வரும்படி சப்பினார்கள். படிக்கும் குரல் தாயின் குரலாக இல்லாதபோதும் அப்படித்தான். கதையின் பொருளுக்கும் அந்தக் குழந்தைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நினைவில் நின்றது அதன் ஓட்டம்.

அடுத்த அடியை பாரிஸில் ஜாக் மெஹ்லரின் குழு வைத்தது. 1988இல் அவர்கள் காட்டியது: பிறந்து நான்கே நாளான பிரெஞ்சுக் குழந்தை பிரெஞ்சையும் ரஷ்ய மொழியையும் பிரித்து அறிகிறது. பத்து ஆண்டு கழித்து தியெரி நாஸி, ஜோசியான் பெர்தோன்சினி, மெஹ்லர் மூவரும் இன்னும் கூர்மையான சோதனை செய்தார்கள். பேச்சை வடிகட்டி, 400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளை எல்லாம் நீக்கிவிட்டார்கள். சொல் எதுவும் புரியாது, தாளம் மட்டும் மிஞ்சும். குழந்தைகள் தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஆங்கிலத்தையும் ஜப்பானிய மொழியையும் அப்போதும் பிரித்தறிந்தார்கள். ஆனால் தாளம் ஒத்த ஆங்கிலத்தையும் டச்சு மொழியையும் பிரிக்க முடியவில்லை. அப்படியானால் பிறந்த குழந்தை மொழிகளைத் தாளத்தை வைத்துத்தான் வகைப்படுத்துகிறது.

2000இல் ஃபிராங்க் ராமுஸும் சகாக்களும் இதே மாதிரிச் சோதனையைப் பருத்தித் தலை டாமரின் என்ற சின்னஞ்சிறு குரங்குகளிடமும் நடத்தினார்கள். அவையும் டச்சையும் ஜப்பானிய மொழியையும் பிரித்துவிட்டன! தாளத்தைக் கேட்கும் காது நமக்கு மட்டும் உரியது இல்லை. அந்தத் தாளத்திலிருந்து ஓர் இலக்கணத்தைக் கட்டி எழுப்புவதுதான் மனிதக் குழந்தைக்கே உரிய திறமை.

தமிழின் தாளம் எப்படிப்பட்டது? நம் முன்னோர் இந்தக் கேள்வியை மிகவும் பொருட்படுத்தியவர்கள். தொல்காப்பியம் எழுத்தொலியின் அளவை மாத்திரை என்ற காலக் கணக்கில் தருகிறது. இயல்பாகக் கண் இமைக்கும் நேரம் அல்லது விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. நம் யாப்பு இலக்கணம் முழுதும் நேர் என்றும் நிரை என்றும் அசை பிரித்து, கால அளவின் மேல் கட்டப்பட்டது. ஆங்கிலத்தில் அழுத்தம் பெற்ற அசை நீண்டு மற்றவை நசுங்கும். தமிழ்க் காதுக்கு முக்கியம் குறிலா நெடிலா என்பது. 'பட்டு' வேறு, 'பாட்டு' வேறு.

கருவி கொண்டு அளந்தவர்களும் உண்டு. எஸ்தர் கிராபே, லோ ஈ லிங் இருவரும் 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அடுத்தடுத்து வரும் உயிரொலிகளின் நீளம் எவ்வளவு மாறுகிறது என்று பதினெட்டு மொழி வகைகளில் அளந்தார்கள். மொழிக்கு ஒருவரின் பேச்சுதான், ஆகவே முடிந்த முடிவு என்று அதைக் கொள்ள முடியாது. ஆனாலும் நமக்கு அது சுவையான பட்டியல். தமிழ், மலாய், மாண்டரின், பிரிட்டிஷ் ஆங்கிலம் எல்லாம் அதில் இருந்தன. நம் பக்கத்து ஊர்ப் பேச்சான சிங்கப்பூர் ஆங்கிலத்தையும் பிரிட்டிஷ் ஆங்கிலத்திலிருந்து பிரித்துத் தனியாக அளந்திருந்தார்கள். 2006இல் எலினார் கீன் தமிழை மட்டும் எடுத்துக்கொண்டு, பேச்சுத் தமிழையும் எழுத்துத் தமிழையும் வாசிக்கச் சொல்லி ஒப்பிட்டார். இரண்டுக்கும் தாளத்தில் வேறுபாடு இருந்தது. இரண்டுமே ஆங்கிலத்திலிருந்து விலகி நின்றன. வீட்டில் நாம் பேசும் தமிழுக்கு மேடைத் தமிழிலிருந்து வேறான ஒரு தாளம் உண்டு. குழந்தை முதலில் கற்பது வீட்டுத் தமிழின் தாளத்தை.

தமிழின் மெட்டைப் பற்றியும் கீன் விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு சாதாரண வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள்: "பாட்டி, வாசல்ல, கோலம், போடுறாங்க." காற்புள்ளி இருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டாம், இயல்பாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு தொடரும் தாழ்வாகத் தொடங்கி, முடியும்போது மேலேறுகிறது. கடைசியில் வினை வரும்போது குரல் இறங்கி அடங்குகிறது. 'போடுறாங்க' என்ற அந்த ஒரு சொல்லில்தான் காலம், எண், மரியாதை அத்தனையும் இருக்கிறது. இறங்கும் இடத்தைக் கவனிக்கும் குழந்தை, தமிழின் மிகச் செறிவான சொல்லைக் கவனிக்கிறது. வாக்கியத்தின் கடைசி என்பதால் அந்தச் சொல் சற்று நீண்டும் ஒலிக்கிறது, அதற்குப் பிறகு மௌனம். கேட்டு மனத்தில் நிறுத்த இதைவிட வசதியான இடம் இல்லை.

மெட்டு குழந்தைக்குள் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதை அதன் அழுகையிலேயே கேட்கலாம். ஜெர்மனியின் வுர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் காத்லீன் வெர்ம்கேயின் குழு 2009இல் முப்பது பிரெஞ்சுக் குழந்தைகள், முப்பது ஜெர்மன் குழந்தைகளின் அழுகையைப் பதிவு செய்து ஒப்பிட்டது. எல்லாமே பிறந்து சில நாளே ஆனவை. பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை பெரும்பாலும் தாழ்ந்து தொடங்கி ஏறியது, ஜெர்மன் குழந்தைகளின் அழுகை உயர்ந்து தொடங்கி இறங்கியது. இரண்டும் அந்தந்த மொழியின் மெட்டுப் போக்கு.

இப்போது பத்து காவான் குழந்தைக்கு மிக நெருங்கிய ஆய்வுக்கு வருகிறேன். கனடாவின் வான்கூவரில் யூடித் ஜெர்வேன், ஜேனட் வெர்கர் இருவரும் நடத்தி 2013இல் வெளியிட்டது. அவர்கள் எடுத்துக்கொண்டது இருமொழி வீட்டில் வளரும் ஏழு மாதக் குழந்தைகளை. வீட்டின் ஒரு மொழி ஆங்கிலம், மற்றது ஜப்பானிய மொழி, இந்தி, கொரிய மொழி போன்ற ஏதோ ஒன்று. அதாவது ஒன்று வினை முன்னால் வரும் மொழி, மற்றது வினை கடைசியில் வரும் மொழி. நம் மலாய், தமிழ் நிலைமை அப்படியே.

பொருளற்ற அசைகளை வைத்து ஒரு செயற்கை மொழி செய்தார்கள். அடிக்கடி வரும் ஓர் அசை, எப்போதாவது வரும் ஓர் அசை, மறுபடி அடிக்கடி வருவது என்று ஒன்று விட்டு ஒன்றாக நீண்டு ஓடும் சரம். எந்த மொழியிலும் அடிக்கடி வருபவை 'கெ', 'உக்கு', 'ல', 'டி' போன்ற சிறு உறுப்புகள். எப்போதாவது வருபவை பாசார், கோலம், பாட்டி போன்ற சொற்கள். சரத்தின் தொடக்கமும் முடிவும் தெரியாதபடி ஒலியை மெல்லக் கூட்டிக் குறைத்துவிட்டார்கள். அதைக் கேட்பவர் சிறு உறுப்பு முன்னால் வருகிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம், பின்னால் வருகிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம். பிறகு அந்தச் சரத்துக்கு இரண்டு விதமாக மெட்டுப் போட்டார்கள். ஒரு கூட்டத்துக் குழந்தைகளுக்குக் குரல் உயர்ந்து பின் தாழும் மெட்டு, வினை கடைசியில் வரும் மொழிகளின் பாணி. மறு கூட்டத்துக்கு முதலில் குறுகிப் பின் நீளும் மெட்டு, ஆங்கிலத்தின் பாணி. ஒரே அசைகள்தான். ஆனால் முதல் கூட்டம் சிறு உறுப்பு பின்னால் வரும் வரிசையையும், இரண்டாம் கூட்டம் முன்னால் வரும் வரிசையையும் தேர்ந்துகொண்டன. ஒரு சொல்லும் பேசாத ஏழு மாதக் குழந்தை, எந்த இலக்கணத்தை எப்போது எடுக்க வேண்டும் என்று மெட்டைக் கேட்டுத் தீர்மானித்துவிட்டது.

தமிழின் மெட்டு அந்தச் சோதனையின் மெட்டோடு அச்சாகப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. தமிழ்த் தொடர் தாழ்ந்து தொடங்கி ஏறும் என்று மேலே பார்த்தோம். ஆனால் கனமான பெயர் முன்னால், இலேசான உருபு பின்னால் என்ற அடிப்படை நமக்கும் உண்டு, உருபு ஓயாமல் திரும்பத் திரும்ப வருவதும் உண்டு. மெட்டும் அடிக்கடி வருகையும் சேர்ந்து கைகாட்டும்போது குழந்தைக்கு வழி தெரிகிறது.

மலாயும் தமிழும் தாளத்தில் ஒன்றுக்கொன்று நெருங்கியவையாகவே இருந்தாலும் கவலைப்பட ஒன்றும் இல்லை. பார்சிலோனாவில் லாரா போஷ், நூரியா செபாஸ்தியான் காயேஸ் இருவரும் ஸ்பானிய, காத்தலான் மொழிகள் கேட்டு வளரும் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். இரண்டும் தாளம் ஒத்த அக்கா தங்கை மொழிகள். நான்கு மாத அளவிலேயே குழந்தைகள் அவற்றைப் பிரித்துவிட்டன. 2010இல் கிறிஸ்டா பையர்ஸ் ஹைன்லைன், டிரேசி பர்ன்ஸ், வெர்கர் மூவரும் இன்னும் முன்னால் போய்ப் பார்த்தார்கள். கர்ப்ப காலத்தில் ஆங்கிலமும் தகலோக் மொழியும் பேசிய தாய்மாரின் பச்சிளங் குழந்தைகள் இரண்டு மொழியிலும் சமமாக ஆர்வம் காட்டின, இரண்டையும் வேறு வேறு என்றும் அறிந்திருந்தன. ஆகவே 'குழம்பிடாதா' என்று கேட்கும் பெற்றோருக்கு நான் உறுதியாகச் சொல்வேன்: பிரிக்கும் வேலையைக் குழந்தை பிறந்த முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

குழந்தையிடம் நாம் பேசும் விதமும் இதற்குத் துணை நிற்கிறது. பாட்டிமார் பேரப்பிள்ளையிடம் பேசுவதைக் கேளுங்கள். குரல் உயர்கிறது, ஏற்ற இறக்கம் விரிகிறது, வாக்கியம் சிறுக்கிறது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நல்ல இடைவெளி. "என் தங்கத்துக்குப் பசிக்குதா? மம்மம் வேணுமா? பாட்டி ஊட்டி விடவா?" சிலர் இந்தக் கொஞ்சல் பேச்சைக் கேலி செய்து, பிள்ளையிடம் பெரியவர்களிடம் பேசுவது போலத்தான் பேச வேண்டும் என்பார்கள். ஆய்வு பாட்டியின் பக்கம்தான் நிற்கிறது. ஆன் ஃபெர்னால்ட் 1985இல் நான்கு மாதக் குழந்தைகள் இந்தக் கொஞ்சல் பேச்சு வரும் பக்கமே தலையைத் திருப்புவதைக் காட்டினார். 2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, 21 சமூகங்களைச் சேர்ந்த 410 பேரின் 1,615 பதிவுகளை ஒப்பிட்டு, குழந்தையிடம் பேசும்போது குரல் மாறுவது உலகெங்கும் உள்ள வழக்கம் என்று காட்டியது.

இலக்கணத்துக்கும் கொஞ்சலுக்கும் உள்ள தொடர்பு இங்கேதான். 1987இல் கேத்தி ஹிர்ஷ் பாசெக்கும் சகாக்களும் ஏழிலிருந்து பத்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு தாயின் பேச்சைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பதிவில் இடைநிறுத்தம் வாக்கியம் முடியும் இடத்தில், மற்றதில் நட்டநடு வாக்கியத்தில். குழந்தைகள் முதலாவதையே அதிக நேரம் கேட்டார்கள். வாக்கியம் எங்கே முடிய வேண்டும் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. இரண்டு ஆண்டு கழித்து அதே குழுவினர் பெரியவர்களிடம் பேசும் பேச்சையும் சேர்த்துச் சோதித்தபோது, அதில் இந்த வேறுபாட்டைக் குழந்தைகள் காட்டவில்லை. கொஞ்சல் பேச்சில்தான் வாக்கியத்தின் எல்லை அவர்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது. 1994இல் டெனிஸ் மாண்டல், பீட்டர் யூஸ்சிக், டெபொரா கெம்லர் நெல்சன் மூவரும் இரண்டு மாதக் குழந்தைகளிடம் கண்டது இன்னும் முக்கியம் என்பேன். அதே சொற்களை ஒரு வாக்கியமாகச் சொன்னபோது குழந்தைகள் நன்றாக நினைவில் வைத்தார்கள். பட்டியல் வாசிப்பது போலச் சொன்னபோது அப்படி இல்லை. 'ஆப்பிள், பால், கார்' என்று படம் காட்டிச் சொல் கற்பிக்கும் அட்டைகளுக்குச் செலவு செய்யும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

மெட்டு இலக்கணத்தையே மாற்றும் இடங்களும் உண்டு. "அம்மா அப்பா வராங்க" என்று ஒரே மூச்சில் சொன்னால் இருவரும் வருகிறார்கள். "அம்மா! அப்பா வராங்க" என்றால் அப்பா வருகிறார், அம்மாவிடம் செய்தி சொல்லப்படுகிறது. எழுத்து ஒன்றும் மாறவில்லை. எழுவாயும் விளியும் மெட்டில்தான் பிரிகின்றன. 2019இல் அலெக்ஸ் த கார்வல்யோ, ஆன் கிறிஸ்தோஃப் உள்ளிட்டோர் இத்தகைய இரட்டுற வாக்கியங்களில் ஒரு பொய்ச்சொல்லை வைத்துப் பதினெட்டு மாதக் குழந்தைகளைச் சோதித்தார்கள். நிறுத்தம் விழுந்த இடத்தைப் பொறுத்து, அந்தப் புதுச்சொல் ஒரு பொருளின் பெயர் என்றோ ஒரு செயல் என்றோ குழந்தைகள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் மெட்டே இலக்கணம் என்று சொல்லிவிட முடியாது. "நான் வரேன்" என்பதை நாம் ஒரே மூச்சில் சொல்கிறோம், எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில் எந்த எல்லையும் கேட்காது. லூஆன் கெர்க்கனும் சகாக்களும் 1994இல் இதையே சோதித்தார்கள். எழுவாய் முழுப் பெயராக வரும்போது ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு எல்லை தெரிந்தது, சிறு மாற்றுப்பெயராக வந்தபோது தெரியவில்லை. மெட்டு வாக்கியத்தைத் துண்டு போட்டுக் கொடுக்கிறது. துண்டுக்குள் எது எதோடு சேர்ந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது, பேசுபவரின் கண் போகும் இடத்தைக் கவனிப்பது, பொருளை ஊகிப்பது எல்லாம் அதற்கு மேல் குழந்தை செய்யும் உழைப்பு.

தமிழ்க் குழந்தைகள் இந்த உழைப்பில் எவ்வளவு விரைவாக முன்னேறுகின்றன என்பதற்கு நல்ல பதிவுகள் உண்டு. இந்தியாவின் தொடக்ககாலக் கணினியான டிஃப்ராக்கை மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் உருவாக்கிய குழுவின் தலைவர் ஆர். நரசிம்மன், பிற்காலத்தில் குழந்தை மொழியைக் கற்பது எப்படி என்ற கேள்வியில் இறங்கினார். அவரும் ஆர். வைத்தியநாதனும் ஒரு தமிழ்க் குழந்தையும் வீட்டாரும் பேசிக்கொண்டதைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு இன்று உலகக் குழந்தைமொழித் தரவகத்தில் இருக்கிறது. அதைக் கொண்டு தமிழ்க் குழந்தை கேள்வி கேட்கவும் மறுக்கவும் கற்பதை வைத்தியநாதன் 1988, 1991 ஆண்டுகளில் எழுதினார். 1989இல் பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லியோனார்டும் இரண்டு வயதுத் தமிழ்க் குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்து, விகுதிகளையும் உருபுகளையும் அவர்கள் மிகக் குறைந்த பிழையோடு பயன்படுத்துவதைக் காட்டினார்கள். ஆங்கிலம் பேசும் அதே வயதுக் குழந்தைகள் தங்கள் மொழியின் சில விகுதிகளைக்கூட விட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். நம் மொழி கடினமானது, ஒட்டு அதிகம் என்று நினைப்பவர்கள் இதை அறிய வேண்டும். வாக்கியத்தின் முடிவில், குரல் அடங்கும் இடத்தில், தவறாமல் வந்து நிற்கும் விகுதி குழந்தைக்குக் கடினமானதே இல்லை.

பினாங்கில் 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதைத்தான் மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். அந்தப் பெருமைக்கு உரிய மாநிலத்தில், பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் அதைப் போன்ற மற்றப் பள்ளிகளும் இன்றும் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கின்றன. ஆனால் ஏழு வயதில் முதலாம் ஆண்டில் உட்காரும் பிள்ளைக்கு ஆசிரியர் எழுத்தைக் கற்பிக்க முடியும், சொல்லைக் கூட்ட முடியும். வினை கடைசியில் வரும், உருபு பின்னால் ஒட்டும் என்பதைப் பாட்டியின் மடியில் கேட்டு வராத பிள்ளைக்கு, அதே பாடம் வெளிமொழிப் பாடமாகிவிடுகிறது. 'தமிழ் பிறகு பாத்துக்கலாம்' என்பதில் உள்ள இழப்பு இதுதான்.

பெற்றோரிடம் நான் கேட்பது சில எளிய காரியங்கள். வயிற்றில் இருக்கும்போதே பேசுங்கள், அது வீண் போவதில்லை. உங்களுக்கு இயல்பாக வரும் தமிழில், முழு வாக்கியமாக, கொஞ்சிப் பேசுங்கள். தாஸ்காவில் மலாய் கேட்கட்டும், அதனால் தமிழ் கெடாது. கைப்பேசியில் தமிழ்ப் பாட்டு ஓடவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். 2003இல் பாட்ரிசியா கூல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் கேட்கச் செய்தபோது, நேரில் பேசியவரிடமிருந்து கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைக் கற்றார்கள், அதே பேச்சைத் திரையில் கேட்ட குழந்தைகள் எதுவும் கற்கவில்லை. பாட்டி வீட்டில் இருந்தால், பிள்ளையை அவரிடம் கொடுங்கள். இன்னும் ஒன்று: இத்தனையும் காது வழியாக நடப்பவை. உங்கள் குழந்தைக்குப் பிறந்தவுடன் செவித்திறன் சோதனை செய்தார்களா என்று மருத்துவமனையில் கேளுங்கள். செய்யவில்லை என்றால் முதல் மாதத்துக்குள் செய்துவிடுங்கள்.